அன்எம்ப்ளாய்மென்ட் பணத்தை டாக்ஸ் சாஃப்ட்வேரில் சரியாகக் காட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் லே-ஆஃப் ஆன நம் ஆட்களுக்கு அதிர்ச்சி இரண்டு தடவை வருகிறது. வேலை போகும்போது ஒன்று, வேலை இல்லாத நாட்களுக்கு மாநிலம் கொடுத்த அன்எம்ப்ளாய்மென்ட் உதவித்தொகையை அடுத்த மார்ச்சில் டாக்ஸில் காட்டும்போது இன்னொன்று. 2023-ல் நானும் ஆறு மாதம் வீட்டில் இருந்தேன். அந்த வருடக் கணக்கை நானே சாஃப்ட்வேரில் போட்டு, ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தப் போன நேரத்தில் மனைவி பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு சீசனிலும் யாராவது ஒரு நண்பர் லேப்டாப்போடு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்தான் கீழே இருப்பது. எண்கள் 2025-ஆம் வருட வருமானத்துக்கானவை. அதை ஃபைல் பண்ணக் கடைசி நாள் 2026 ஏப்ரல் 15. நான் சி.பி.ஏ. (உரிமம் பெற்ற கணக்கர்) இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்எம்ப்ளாய்மென்ட் பணத்துக்கு வரி உண்டா? அரசாங்கம் கொடுத்த உதவிதானே?

உண்டு. மத்திய அரசின் வருமான வரியைப் பொறுத்தவரை முழுத் தொகைக்கும் வரி. ஒரு சின்ன ஆறுதல்: சம்பளத்தில் பிடிக்கும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரண்டும் இதில் கிடையாது.

ஒரு காலத்தில் இதற்கு வரியே இல்லை. 1979-லிருந்து வருமானம் அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு பகுதிக்கு வரி என்று தொடங்கி, 1986-ல் வந்த வரிச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு 1987 முதல் எல்லாருக்கும், முழுவதற்கும் என்று ஆகிவிட்டது. நடுவில் இரண்டு முறை சலுகை கொடுத்தார்கள். 2009-ல் முதல் 2,400 டாலருக்கு வரி இல்லை. கோவிட் சமயத்தில், 2020-ஆம் வருடம் வாங்கிய பணத்தில் ஆளுக்கு 10,200 டாலர் வரை வரி இல்லை, வருமானம் 150,000 டாலருக்குக் கீழே இருந்தால். இந்த 10,200 கதை இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது 2020-க்கு மட்டும். அதை நம்பி இப்போது தொகையைக் குறைத்துப் போட்டால் பின்னால் கடிதம் வரும்.

எந்தப் படிவத்தைப் பார்த்துப் போட வேண்டும்? எனக்குத் தபாலில் ஒன்றும் வரவில்லையே?

படிவத்தின் பெயர் 1099-ஜி. பணம் கொடுத்த மாநில அலுவலகம் ஜனவரி மாதக் கடைசிக்குள் அதைத் தர வேண்டும். ஆனால் தருவது என்றால் தபாலில்தான் என்று இல்லை. நியூ ஜெர்சி, நியூயார்க் மாதிரி பல மாநிலங்களில், இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று நீங்கள் வாராவாரம் சான்று கொடுத்த அதே இணையக் கணக்கில் பி.டி.எஃப். ஆகப் போட்டு வைத்திருப்பார்கள். கலிபோர்னியா என்றால் இ.டி.டி. என்ற அந்த மாநில அலுவலகத்தின் கணக்கு. வேலை கிடைத்த சந்தோஷத்தில் அந்தக் கடவுச்சொல்லை எல்லாரும் மறந்திருப்பார்கள். ஜனவரி முடிவதற்குள் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள். மார்ச் கடைசியில் அந்த உதவி எண்ணுக்குப் போன் போட்டால் காத்திருக்கும் இசையை மனப்பாடம் பண்ணிவிடலாம்.

படிவம் கைக்கு வரவில்லை என்பதற்காகக் காட்டாமல் விட முடியாது. அதன் ஒரு பிரதி ஏற்கெனவே மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடம் போயிருக்கும்.

சாஃப்ட்வேரில் எந்தப் பக்கத்தில் போட வேண்டும்? சம்பளத்துக்குக் கம்பெனி தரும் டபிள்யூ-2 மாதிரிதானே இதுவும்?

டபிள்யூ-2 பக்கத்தில் போடாதீர்கள். நான் பார்த்ததில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். அங்கே போட்டால் அது சம்பளமாகிவிடும். சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் சலுகைகள் தப்பாக வரும், ஐ.ஆர்.எஸ். கையில் இருக்கும் பிரதியோடும் ஒத்துப்போகாது.

சாஃப்ட்வேருக்குச் சாஃப்ட்வேர் மெனு மாறும், ஒரே சாஃப்ட்வேரில் வருடத்துக்கு வருடமும் மாறும். வருமானப் பகுதிக்குள் போய் அன்எம்ப்ளாய்மென்ட் என்றோ 1099-ஜி என்றோ தேடுங்கள். அந்தப் பக்கம் உண்மையில் சின்னது. முதலில் கொடுத்தவரின் பெயர், அடையாள எண். படிவத்தில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதுங்கள். அப்புறம் கட்டங்கள். கட்டம் 1-ல் மொத்தத் தொகை. கட்டம் 4-ல் மத்திய வரிக்குப் பிடித்தது. கட்டம் 11-ல் மாநில வரிக்குப் பிடித்தது, இருந்தால். சில சாஃப்ட்வேர்கள் முதல் திரையில் கட்டம் 1-ஐ மட்டும் கேட்டுவிட்டு, மற்றதை ‘வரி ஏதாவது பிடிக்கப்பட்டதா’ என்ற ஒரு டிக் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும். நான் காலியாக விட்டது அந்தக் கட்டம் 4-ஐத்தான்.

கணவன் மனைவி இருவரும் வாங்கியிருந்தால் இரண்டு படிவங்களையும் தனித்தனியாக, அவரவர் பெயரில் போடுங்கள். கூட்டுவதைச் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். படிவத்தை இணையம் வழியாகத் தானாக இறக்கிக்கொண்டீர்களானால், அதையே கையாலும் ஒரு தடவை போட்டிருக்கிறோமா என்று பாருங்கள். ஒரே 1099-ஜி இரண்டாகி, வாங்காத பணத்துக்கு வரி கட்டப் போனவர் எனக்குத் தெரிந்து ஒருவர் இருக்கிறார்.

அனுப்புவதற்கு முன் முழு ரிட்டர்னையும் பி.டி.எஃப். ஆக எடுத்து இரண்டு இடம் மட்டும் பாருங்கள். ஷெட்யூல் 1 என்ற இணைப்பில் 7-ஆம் வரிசையில் உங்கள் தொகை இருக்க வேண்டும். 1040 என்ற முக்கியப் படிவத்தில் 25பி வரிசையில் பிடித்த வரி இருக்க வேண்டும். திரையில் எவ்வளவு பச்சை டிக் விழுந்தாலும் நான் இந்த இரண்டையும் பார்க்காமல் யாரையும் அனுப்ப விடுவதில்லை.

வங்கிக்கு வந்தது 10,530 டாலர். படிவத்தில் 11,700 என்று இருக்கிறது. எதைப் போடுவது?

11,700. கைக்கு வந்த தொகை இங்கே தேவையே இல்லை.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். கலிபோர்னியாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர். 26 வாரம் முழுவதும் வாங்கினால் 11,700. விண்ணப்பிக்கும்போது 10 சதவீதம் வரி பிடிக்கச் சொல்லியிருந்தால் வாரம் 45 போய் 405 வங்கிக்கு வரும். 26 வாரத்தில் பிடித்தது 1,170; கைக்கு வந்தது 10,530. ஆக, கட்டம் 1-ல் 11,700, கட்டம் 4-ல் 1,170.

ஒரு நண்பர் என் எதிரிலேயே போட்டார். கணவன் மனைவி சம்பளம் இரண்டும் சேர்த்து 170,000. திரையின் மேல் மூலையில் ரீஃபண்ட் 2,100 என்று பச்சையில் இருந்தது. 11,700 என்று தட்டி அடுத்த பக்கம் போனதும் அது 474 டாலர் பாக்கி என்று சிவப்பாக மாறியது. மனுஷன் முகம் வெளிறிவிட்டது. கட்டம் 4-ஐப் போடவில்லை, அவ்வளவுதான். 1,170-ஐப் போட்டதும் 696 டாலர் ரீஃபண்டாகத் திரும்பியது. முழுக்கப் போடும்வரை அந்த மூலையைப் பார்க்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

10 சதவீதம் பிடித்தார்களே, அப்புறமும் ஏன் ரீஃபண்ட் 1,404 டாலர் குறைந்தது?

ஏனென்றால் அந்த 10 சதவீதம் உங்கள் வரி விகிதத்தோடு சம்பந்தமில்லாத ஒரு நிலையான எண். டபிள்யூ-4வி என்ற படிவம் மூலமாகவோ மாநிலத்தின் தளத்திலோ பிடிக்கச் சொன்னால் 10 சதவீதம்தான் பிடிப்பார்கள். 15 என்றோ 22 என்றோ கேட்க வழியில்லை.

மேலே சொன்ன நண்பர் வீட்டில் 170,000 சம்பளத்தில் கூட்டு ரிட்டர்னில் வரி போடும் முன் கழியும் நிலையான கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 31,500 போனால் 138,500. 2025-ல் கூட்டாக ஃபைல் பண்ணுபவர்களுக்கு 96,950-ஐத் தாண்டிய வருமானத்துக்கு 22 சதவீதம். அன்எம்ப்ளாய்மென்ட் பணம் அந்த அடுக்கின் மேல்தான் போய் உட்காருகிறது. 11,700-க்கு 22 சதவீதம் 2,574. பிடித்தது 1,170. மீதி 1,404. சாஃப்ட்வேர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் இன்னொருவர் சம்பாதித்துக்கொண்டிருந்தால் இந்த இடைவெளி அநேகமாக எல்லாருக்கும் வரும். தனி ஆளாக, வருடத்தில் பாதி நாள் வேலை இல்லாமல் இருந்தவருக்கோ 12 சதவீத அடுக்கிலேயே முடிந்துவிடலாம், அப்போது இடித்துக்கொள்ளாது.

நான் பிடிக்கவே சொல்லவில்லை. மாதச் செலவுக்கே போதவில்லை. அபராதம் விழுமா?

தப்பே இல்லை, வாடகை கட்ட வேண்டிய நேரத்தில் எல்லாரும் அப்படித்தான் முடிவெடுப்பார்கள். ரிட்டர்னில் பாக்கி 1,000 டாலருக்குக் கீழே வந்தால் குறைவாகக் கட்டியதற்கான அபராதம் இல்லை. அதற்கு மேல் வந்தாலும், இந்த வருட வரியில் 90 சதவீதமோ போன வருட மொத்த வரியில் 100 சதவீதமோ சம்பளப் பிடித்தத்திலேயே போயிருந்தால் தப்பித்துவிடலாம். போன வருட வருமானம் 150,000-ஐத் தாண்டியிருந்தால் அந்த 100 என்பது 110. முந்தைய வருடம் முழுச் சம்பளம் வாங்கியவருக்கு இது கைகொடுப்பது கஷ்டம். 90 சதவீதக் கணக்கு பெரும்பாலும் காப்பாற்றும். சாஃப்ட்வேர் 2210 என்ற படிவத்தில் தானே கணக்குப் போட்டுச் சொல்லும், போன வருட வரியை மட்டும் சரியாகக் கொடுங்கள்.

இப்போது வாங்கிக்கொண்டிருப்பவர்கள் பிடித்தத்தை இன்றைக்கே தொடங்கலாம், இல்லையென்றால் காலாண்டு முன்வரி கட்டலாம். தேதிகள் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15.

கட்டப் பணமே இல்லை என்றாலும் ரிட்டர்னை நேரத்துக்கு அனுப்பிவிடுங்கள். தாமதமாக ஃபைல் பண்ணினால் பாக்கியில் மாதம் 5 சதவீதம் அபராதம். ஃபைல் பண்ணிவிட்டுப் பணத்தை மட்டும் தாமதமாகக் கட்டினால் மாதம் 0.5 சதவீதம், கூட வட்டி. தவணைத் திட்டத்துக்கு ஐ.ஆர்.எஸ். தளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

மாநில வரியும் உண்டா?

நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, வர்ஜீனியா நான்கும் இதற்கு வரி போடுவதில்லை. டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டனில் சம்பளத்துக்கே மாநில வருமான வரி இல்லை. நியூயார்க், இல்லினாய், மாசசூசெட்ஸ், ஜார்ஜியா, வட கரோலினா எல்லாம் போடுகின்றன. கலிபோர்னியா ரிட்டர்னில் சாஃப்ட்வேர் இந்தத் தொகையைத் தானே கழித்துவிடும். கட்டம் 10-ல் மாநிலத்தின் பெயரைக் காலியாக விட்டால் சில சமயம் குழம்பும்.

நியூ ஜெர்சியில் குடியிருந்து மன்ஹாட்டனில் வேலை பார்த்தவர்கள் மட்டும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பணம் கொடுப்பது நியூயார்க். அங்கே செய்த வேலைக்குக் கிடைத்த உதவித்தொகையை நியூயார்க் தன் மாநில வருமானமாகவே பார்க்கிறது. அதனால் வெளிமாநிலத்தவருக்கான நியூயார்க் ரிட்டர்னில் அது வர வேண்டும்.

இரண்டு 1099-ஜி வந்திருக்கிறது. ஒன்றில் கட்டம் 1 காலி, கட்டம் 2-ல் 860 டாலர். இது என்ன?

அது உங்கள் மாநில வரி ரீஃபண்ட். அதே படிவத்தைத்தான் மாநில வரித்துறையும் பயன்படுத்துகிறது, அதனால்தான் குழப்பம். இதைக் கட்டம் 1-ல் போட்டுவிடாதீர்கள். போன வருடம் நிலையான கழிவு எடுத்திருந்தால் இந்த ரீஃபண்டுக்கு வரியே இல்லை. வீட்டுக் கடன் வட்டி, சொத்து வரி என்று வகைவாரியாகக் கழித்திருந்தால்தான் கேள்வி எழும். அதைச் சாஃப்ட்வேர் போன வருட ரிட்டர்னைக் கேட்டு முடிவு செய்யும்.

டிசம்பர் கடைசி வாரத்துக்கான பணம் ஜனவரி 3-ஆம் தேதி வந்தது. எந்த வருடம்?

பணம் கொடுக்கப்பட்ட வருடம். அதாவது ஜனவரி. மேல்முறையீடு செய்து ஆறு மாதப் பாக்கி மொத்தமாக வந்தாலும் அப்படித்தான்.

வேலையை விட்டு அனுப்பும்போது கம்பெனி கொடுத்த செவரன்ஸ்?

அது சம்பளம், டபிள்யூ-2-விலேயே இருக்கும். தனியாகப் போட வேண்டாம். பயன்படுத்தாத விடுப்புக்குக் கொடுத்ததும் அதிலேயே அடங்கும்.

கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று மாநிலம் கடிதம் போட்டது, 1,800 டாலர் திருப்பிக் கட்டினேன். கட்டம் 1-ல் அது குறையவே இல்லை.

பெரும்பாலும் குறையாது. அதே வருடத்தில் வாங்கி அதே வருடத்தில் திருப்பியிருந்தால், மொத்தத்தில் அதைக் கழித்த தொகைதான் உங்கள் வருமானம். ஆனால் கட்டம் 1-ஐ நீங்களாகத் திருத்தாதீர்கள். படிவத்தில் உள்ளதை அப்படியே போட்டுவிட்டு, ‘இந்த வருடம் திருப்பிக் கட்டிய தொகை’ என்று கேட்கும் இடத்தில் 1,800 போடுங்கள். அந்த இடம் கண்ணில் படவில்லையென்றால் 1099-ஜி பக்கத்தின் கடைசிவரை போங்கள்.

2024-ல் வாங்கி 2025-ல் திருப்பியிருந்தால் கதை வேறு. 3,000 டாலர் வரை என்றால் கழிக்க வழியில்லை, அநியாயம்தான். 3,000-ஐத் தாண்டினால் வகைவாரிக் கழிவாகவோ, வாங்கிய வருடத்தில் அதிகம் கட்டிய வரியை இப்போது வரவு வைத்துக்கொள்வதாகவோ, எது லாபமோ அதை எடுக்கலாம். இந்த இரண்டாவது கணக்கைச் சாஃப்ட்வேரில் போடுவது லேசு இல்லை. இந்த ஒரு இடத்தில் நான் சி.பி.ஏ.விடம் போகச் சொல்வேன்.

நான் விண்ணப்பிக்கவே இல்லை, எனக்கு 1099-ஜி வந்திருக்கிறது!

யாரோ உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்துப் பணம் எடுத்திருக்கிறார்கள். கோவிட் காலத்தில் இது ஏராளமாக நடந்தது, இன்னும் நின்றபாடில்லை. அந்த மாநில அலுவலகத்தின் மோசடிப் பிரிவில் புகார் கொடுத்து, திருத்திய 1099-ஜி கேளுங்கள். அது வரும்வரை ரிட்டர்னை நிறுத்தி வைக்க வேண்டாம். நீங்கள் உண்மையில் வாங்கிய வருமானத்தை மட்டும் போட்டு அனுப்பலாம் என்பது ஐ.ஆர்.எஸ்.ஸே சொன்னது. படிவத்தைச் சாஃப்ட்வேரில் போடவே வேண்டாம். புகார் எண்ணையும் தேதியையும் குறித்து ரிட்டர்ன் பிரதியோடு வையுங்கள். கையோடு ஐ.ஆர்.எஸ். தளத்தில் ஐ.பி. பின் என்ற 6 இலக்க எண்ணை வாங்கிவிட்டால் உங்கள் பெயரில் வேறு யாரும் ரிட்டர்ன் போட முடியாது. அந்த எண் வருடாவருடம் மாறும்.

ஹெச்-4 விசாவில், இஏடி என்ற வேலை அனுமதியில் இருந்தபோது வாங்கினேன். கிரீன் கார்டுக்குப் பாதிப்பு வருமா என்று பயந்து காட்டாமல் விடலாமா?

வேண்டவே வேண்டாம். வேலை செய்தபோது உங்கள் பெயரில் முதலாளி கட்டிய காப்பீட்டிலிருந்து வரும் பணம் இது. அரசு உதவியை நம்பி வாழ்பவர் என்ற பப்ளிக் சார்ஜ் கணக்கில் குடியேற்றத் துறை இதைச் சேர்ப்பதில்லை. வாங்கிவிட்டுக் காட்டாமல் விடுவதுதான் பின்னாளில் விண்ணப்பத்தில் பதில் சொல்ல வேண்டிய விஷயமாகும்.

ஹெச்-1பி-யில் வேலை போனவர்களுக்கு அநேகமாக இந்தப் பணம் கிடைப்பதே இல்லை. உடனே எந்த வேலையிலும் சேரத் தயாராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே தடுக்கும். அவர்கள் கவலையெல்லாம் அதற்குள் வேறு வேலை தேட வேண்டிய அந்த 60 நாள் அவகாசம்தான்.

வேறு எதையாவது இது பாதிக்குமா?

இது சம்பாதித்த வருமானம் ஆகாது. அதனால் ஈட்டிய வருமானச் சலுகைக்கும், ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் போடுவதற்கும் உதவாது; ஆனால் துணைவரின் சம்பளத்தை வைத்து ஐ.ஆர்.ஏ.வில் போடலாம். அரசின் மார்க்கெட்பிளேஸ் தளம் வழியாக மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால், மானியத்துக்கான வருமானக் கணக்கில் இந்தப் பணமும் சேரும். குறைத்துச் சொல்லி மானியம் வாங்கியிருந்தால் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பார்கள்.

இலவசப் பதிப்பில் பாதி போட்ட பிறகு பணம் கேட்கிறதே?

சில சாஃப்ட்வேர்களின் இலவசப் பதிப்பு வெறும் டபிள்யூ-2 மட்டும் உள்ளவர்களுக்கு. 1099-ஜி போட்டதும் மேல் பதிப்புக்குத் தள்ளும். தொடங்குவதற்கு முன்பே எந்தப் படிவங்கள் அடங்கும் என்று பாருங்கள். ஐ.ஆர்.எஸ்.ஸின் ஃப்ரீ ஃபைல் பக்கம் வழியாக உள்ளே போனால், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு அதே மாதிரிச் சாஃப்ட்வேர்கள் இலவசம். நூலகங்களில் நடக்கும் ‘விடா’ (VITA) என்ற வரி உதவி மையங்களிலும் தன்னார்வலர்கள் காசில்லாமல் போட்டுத் தருவார்கள். வேலை இல்லாத வருடத்தில் இதற்குப் போய் நூறு டாலர் அழுவதா?

போன வருடம் காட்டவே மறந்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

1040-எக்ஸ் என்ற திருத்த ரிட்டர்ன் போடுங்கள். அந்த வருடத்துக்கு எந்தச் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினீர்களோ அதிலேயே போடுவது சுலபம்; பழைய எண்கள் அங்கேயே இருக்கும். முந்திக்கொண்டால் வட்டி குறையும். வரி பிடித்தது அதிகமாக இருந்து உங்களுக்கே பணம் வர வேண்டியிருந்தால், ஃபைல் பண்ணிய நாளிலிருந்து 3 வருடம் வரை கேட்கலாம்.

அதற்குள் சி.பி. 2000 என்ற கடிதம் வந்துவிட்டால் பதற வேண்டாம். அது ஆடிட் இல்லை. ‘எங்களிடம் 11,700 என்று இருக்கிறது, நீங்கள் காட்டவில்லை, இவ்வளவு வரி வரும் என்று நினைக்கிறோம்’ என்று சொல்லும் முன்மொழிவு. பிடித்த வரியை அவர்கள் கணக்கில் கழித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சரியாக இருந்தால் ஒப்புக்கொள்கிறேன் என்ற பெட்டியில் டிக் போட்டுக் கையெழுத்திட்டு, கடிதத்தில் உள்ள தேதிக்குள் திருப்பி அனுப்புங்கள். வேறு மாற்றம் எதுவும் இல்லையென்றால் தனியாக 1040-எக்ஸ் வேண்டாம். மாநிலம் இதற்கு வரி போடும் மாநிலமாக இருந்தால், அங்கேயும் ஒரு திருத்த ரிட்டர்ன் போட வேண்டியிருக்கும், அதை ஐ.ஆர்.எஸ். உங்களுக்காகச் செய்யாது.